குடோன் சாவி

சந்தூர் ரோட்டில் மாம்பழக்கூழ் கம்பெனி.
ஆனி மாதம், இரவு பதினொன்றே கால்.
எண்பது டிரம் ஏற வேண்டும்,
பதினேழு ஏறியிருக்கிறது.
அணைப்பக்கம் மின்னுகிறது.

நான் ஸ்டோர் கீப்பர்.
சம்பளம் போக இங்கே எனக்குக் கிடைத்தது
பழைய பேப்பர் மூட்டையிலிருந்து ஒரு ஆங்கில அகராதி.
அட்டை இல்லை.
ஏ, பி, சி மூன்றையும் எலி தின்றுவிட்டது.
அதனால் கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் கறிக்கும்
என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள்.

நான் அர்த்தம் பார்ப்பதில்லை.
அர்த்தத்துக்குப் பிறகு, சதுர அடைப்புக்குள்
எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் ஒன்று இருக்கும்:
இந்தச் சொல் எந்த ஊர்ச் சரக்கு,
யார் யார் கைமாறி வந்தது.
லாரி சீட்டு மாதிரி.
அதைத்தான் பார்ப்பேன்.

இன்றைக்கு ஜி. குடோன்.
போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்களாம்.
அவர்களுக்கு மலாய்க்காரர் கொடுத்தார்களாம்.
மலாய்க்காரருக்கு,
ஒருவேளை,
தமிழ்க் கிடங்கு.
ஒருவேளை, தெலுங்கு.

நான் வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது.
கேபினிலிருந்து இறங்கினார் திம்மராயப்பா,
ராயக்கோட்டைக்காரர், பல்குச்சியோடு.
"அது எங்க கிட்டங்கிம்மா.
எங்க வீட்ல இன்னைக்கும் அப்படித்தான் பேச்சு.
நீங்க குடோன் குடோன்னுதானே சொல்றீங்க,
அப்புறம் எப்படி உங்களுதாகும்?"

கிட, கிடந்தது, கிடை, கிடங்கு,
எங்களுக்கு வேர் இருக்கிறது என்றேன்.
"வேர் இருக்கட்டும். டிரம் கிடக்குதே."

உண்மைதான்.
நாற்பத்தாறு வயதில் ஒருமுறையாவது
இந்த வாயால் கிடங்கு என்றிருக்கிறேனா?
பரீட்சையில் எழுதியிருப்பேன்.
கடல் தாண்டிப் போய் மூக்கும் முழியும் மாறி
திரும்பி வந்தவனைத்தான்
முதலாளி என்று நம்பிச் சாவி கொடுத்தோம்.

அப்போது உள்ளேயிருந்து சுதாம்,
ஒடிசாப் பையன்,
டிரம்மை விளிம்பில் நிறுத்தி உருட்டிக்கொண்டே கத்தினான்:
"அக்கா, கோதாம் லைட்!"

நானும் திம்மராயப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
வழக்கில் அவன் பெயரே இல்லை.
சொத்து அவனிடமும் இருக்கிறது.

போய் லைட்டைப் போட்டேன்.

டிரம் ஒவ்வொன்றிலும் மேங்கோ என்று லேபிள்.
எம் போன வாரமே பார்த்தாயிற்று.
நம் மாங்காய்தான்,
மலையாளக் கரையில் மாங்காவாகிக் கப்பலேறியது.
பிஞ்சா பழமா என்று வாங்கினவனுக்குத் தெரியவில்லை.
லண்டனில் கையெல்லாம் வழிய வழிய
எவ்வளவு கனிந்ததைத் தின்றாலும்
அவர்கள் கேட்டு வாங்குவது காய்.
ஐந்நூறு வருஷமாக
பழம் பழுத்துக்கொண்டிருக்கிறது,
பெயர் பழுக்கவில்லை.

இரண்டரைக்கு எண்பதாவது டிரம்.
கூடவே மழை.
ஷட்டரை இழுத்தால் பாதியில் நின்றது,
சுதாம் தொங்கினான், இறங்கியது.
பூட்டு நம்முடையது.
சாவி போர்ச்சுகல் சொல் என்பார்கள்,
அகராதியில் தேட முடியாது,
அது இங்கேயே தங்கிவிட்டது.
திறவுகோலை யாரும் தேடக்கூட இல்லை.
பூட்டும் சாவியும் சண்டையில்லாமல்
ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று,
க்ளிக்.

பதிவேட்டில் திம்மராயப்பா
தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.
சரக்கு எடுத்த இடம் என்ற கட்டத்தில்
எப்போதும் போல எழுதப் போய், நிறுத்தி,
கிடங்கு என்று எழுதினேன்.
மழைத்துளி விழுந்து ங்கு கொஞ்சம் ஊறிவிட்டது.

காலையில் மேனேஜர் கூப்பிட்டார்.
"இது என்னம்மா, கிடங்கு?
பழைய குடோனா, புதுசா?"